அரிட்டாபட்டியில் மழை போகும் வழி

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் தண்ணீர். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்குதான். இதையே ஒரு ஹெக்டேருக்கு, பத்து மில்லிமீட்டர் மழைக்குப் போட்டால் ஒரு லட்சம் லிட்டர் வருகிறது. மண் தரையாக இருந்தால் இதில் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். மொட்டைப் பாறை குடிக்காது. கொஞ்சத்தைத் தன் குழிகளிலும் பிளவுகளிலும் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதைக் கீழே அனுப்பிவிடும். மதுரை மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 850 மி.மீ. அதில் ஏறக்குறையப் பாதி, வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து ஆண்டு முழுவதும் பிழைப்பது எப்படி என்பதுதான் இந்தப் பக்கத்து ஊர்களின் தலையாய கேள்வி. அதற்கு மனிதர்களும் செடிகளும் பறவைகளும் கண்டுபிடித்த விடைகளை ஒரே இடத்தில், ஒரே நடையில் மாணவர்களுக்குக் காட்ட முடிகிற ஊர் அரிட்டாபட்டி.

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், மேலூர் வட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் ஏழு பாறைக் குன்றுகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாநிலத்தில் இந்தத் தகுதி பெற்ற முதல் இடம் இதுதான். ஏறத்தாழ 250 பறவை இனங்கள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அப்போது அரசு பட்டியல் கொடுத்தது. அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

மாணவர்களை இப்படியோர் இடத்துக்குக் கூட்டிப்போனால், பேருந்தை விட்டு இறங்கியதும் பறவைப் பட்டியலை நீட்டி, பார்த்ததற்கெல்லாம் குறி போடச் சொல்வதுதான் வழக்கம். மாலையில் எத்தனை குறி என்று எண்ணுவார்கள். அதில் தவறில்லை; ஆனால் பட்டியல் உயிரினங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறது. இங்கே கற்க வேண்டியது அவற்றைச் சேர்த்துக் கட்டியிருப்பது எது என்பதை. ஆகவே மழைத்துளி போகும் பாதையிலேயே மாணவர்களை நடத்த வேண்டும் என்பது என் கருத்து. குன்றின் மேலிருந்து தொடங்கிப் பாறைக் குட்டை, சுனை, ஓடை, கண்மாய், மடை, வயல் என்று இறங்கி வரலாம். உயிரியல் ஆசிரியர் மட்டும் போனால் இந்த நடை நிறைவாகாது. கணக்கு, வேதியியல், வரலாறு ஆசிரியர்களும் கூட வர வேண்டும்.

மேலே ஏறியதும் மாணவர்கள் முதலில் கவனிப்பது பாறையில் இறங்கும் கறுப்புக் கோடுகளை. யாரோ மையை ஊற்றிவிட்டதுபோல் தோன்றும் இந்தக் கோடுகள் உயிருள்ளவை. நீலப்பச்சைப் பாசி என்று பாடநூலில் படிக்கும் சயனோபாக்டீரியாக்கள், மழைநீர் வழக்கமாக ஓடும் தடங்களில் மட்டும் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. வெயில் காலத்தில் காய்ந்து கறுத்துக் கிடக்கும். ஈரம் பட்டதும் மிகக் குறைந்த நேரத்தில் விழித்துக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்யத் தொடங்கிவிடும். ஆகவே மழையே இல்லாத ஒரு நாளிலும், குன்றைத் தள்ளி நின்று பார்த்து, மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று மாணவர்கள் வரைபடம் போட்டுவிடலாம். அந்தக் கறுப்புக் கோடுகளைத் தாளில் பிரதி எடுத்தாலே போதும்.

இந்தப் படலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சயனோபாக்டீரியாக்களில் பல, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றக்கூடியவை. பாறையின் மேல் வழிந்து வரும் தண்ணீர் அந்தச் சத்தையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் கீழே வருகிறது. குன்றின் அடிவாரத்தைச் சுற்றி மரமும் புதரும் ஒரு பச்சை வளையமாக அடர்ந்திருப்பதற்கு, அங்கே சேரும் தண்ணீரும் மண்ணும் காரணம். மேலிருந்து வரும் இந்தச் சத்துக்கும் அதில் பங்குண்டு.

கோடுகளுக்கு இடையே, வட்டவட்டமாகச் சாம்பலும் மஞ்சளும் வெளிர்ப்பச்சையுமாகப் படர்ந்திருப்பவை லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பாசி உணவு தயாரிக்கிறது. பூஞ்சை வீடும் ஈரமும் தருகிறது. கைலென்ஸை வைத்துக்கொண்டு ஒரு லைக்கன் மேல் சில சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். காய்ந்து சாம்பல் பூத்திருந்த மேல்தோல் ஈரம் பட்டுத் தெளிவாகி, உள்ளே இருக்கும் பாசியின் பச்சை நிறம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத லைக்கன்கள் நிறைய உண்டு. உள்ளங்கை அளவு வட்டம் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் மாணவி, தன் பாட்டியைவிட மூத்த ஓர் உயிரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதன் மேல் பெயர் எழுதிக் கீறிவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பாறையின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தக் குன்றுகளின் பாறை பூமியின் ஆழத்தில், பல கிலோமீட்டர் தடிமன் கொண்ட சுமைக்குக் கீழே, கடும் வெப்பத்தில் உருவானது. மேலிருந்த சுமையைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் காற்றும் அரித்துத் தீர்த்த பிறகு வெளியே தலைகாட்டியது. சுமை நீங்கியதும் பாறை சற்றே விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகப் பிளவுகள் விழுந்து, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகக் கழல்கிறது. ஒரு சிறு கல்லால் பாறையை மெல்லத் தட்டிக்கொண்டே நடந்தால், சில இடங்களில் கெட்டியாகவும் சில இடங்களில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலவும் ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தில் அடியில் ஒரு பிளவு ஓடுகிறது. மழைநீரில் ஒரு பங்கு அந்தப் பிளவுக்குள்தான் போகிறது.

பள்ளமான இடங்களில் தேங்கும் மழை, பாறைக் குட்டையாகிறது. சில குட்டைகள் ஒரு தாம்பாளத்தின் அகலம்கூட இருக்காது. சில வாரங்கள், அதிகம் போனால் சில மாதங்கள்தான் அவற்றின் ஆயுள். அந்தக் கெடுவுக்குள் முட்டையிலிருந்து முழு வாழ்க்கையையும் முடித்தாக வேண்டும் என்று ஓடும் உயிர்கள் அங்கே இருக்கின்றன. தென்னிந்தியாவின் தற்காலிகக் குட்டைகளில் கண்ணாடிபோன்ற உடல் கொண்ட ஒருவகைச் சிற்றிறால் வாழ்கிறது. மல்லாந்த நிலையில் நீந்தும். குட்டை வற்றும் முன் அது இடும் முட்டைகள் காய்ந்த சேற்றில் வெயிலைத் தாங்கி, ஆண்டுக்கணக்கில்கூடக் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எல்லா முட்டையும் முதல் மழைக்கே பொரித்துவிடுவதில்லை என்பதுதான் இதில் வியப்பு. முதல் மழை ஏமாற்றிவிட்டால் குட்டை பாதியில் வற்றி, பொரித்தவை அத்தனையும் செத்துப்போகும். ஒரு பங்கு முட்டை அடுத்த மழைக்குக் காத்திருப்பதால் இனம் தப்பிக்கிறது. மானாவாரி விவசாயி விதைநெல் மொத்தத்தையும் ஒரே நாளில் விதைத்துவிடாததற்கும் இதே நியாயம்தான்.

மழைக்காலத்தில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பழுப்புமஞ்சள் தட்டான்களும் இப்படிப்பட்ட குட்டைகளைத் தேடி வருகின்றன. மீன் இல்லாத தண்ணீர் என்பதால் அவற்றின் இளவுயிரிகளுக்கு அங்கே எதிரி குறைவு. இந்த இனத் தட்டான்கள் பருவக்காற்றின் உதவியோடு கடல் கடப்பவை. இந்தியாவிலிருந்து கிளம்பி அக்டோபரில் மாலத்தீவில் இறங்கி, அங்கிருந்து ஆப்பிரிக்கா நோக்கிப் போகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலைத் தாண்டும் ஒரு பூச்சியின் பயணம் கைகழுவும் அளவுத் தண்ணீரில் தொடங்கக்கூடும்! பிளாஸ்டிக் டம்ளரையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் குட்டையில் எறியாதீர்கள் என்று ஐந்து முறை அதட்டுவதைவிட, இதை ஒருமுறை விளக்கினால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

செடிகளைப் பற்றி அதிகம் நிற்க வேண்டியதில்லை. பிரண்டை ஒன்று போதும். எல்லோர் வீட்டிலும் துவையல் அரைத்திருப்பார்கள், தெரிந்த செடி. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. அப்படித் திறக்கும்போது நீராவி வெளியேறுகிறது. கொதிக்கும் பாறையில் அது கட்டுப்படியாகாது. பிரண்டை இரவில் துளைகளைத் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே உணவு தயாரிக்கிறது. சப்பாத்திக்கள்ளியும் இதையே செய்கிறது.

பிளவுக்குள் போன தண்ணீர், அந்தப் பிளவு குன்றின் சரிவை வந்து தொடும் இடத்தில் கசிந்து சுனையாகிறது. பாறைக்கு உள்ளே வெயிலும் காற்றும் படாததால் ஆவியாவது குறைவு. இடுக்கு குறுகலாக இருப்பதால் ஓட்டமும் மெதுவு. அதனால்தான் மழை நின்று மாதங்கள் ஆன பிறகும் சுனையில் தண்ணீர் இருக்கிறது. ஆடு மேய்ப்பவரும் மலைப்பாம்பும் வானம்பாடியும் கோடையில் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

மனிதர்கள் இதை மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டார்கள். அரிட்டாபட்டிக் குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. வயது ஏறத்தாழ 2,200 ஆண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாறை அடுக்கு கழன்று விழுந்து உண்டான இயற்கைக் குகைத்தளம், எட்டும் தூரத்தில் தண்ணீர் என்ற இரண்டும் சேர்ந்த இடங்களைத்தான் துறவிகள் உறைவிடமாகத் தேர்ந்தார்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகள் பலவற்றில், முகப்புப் பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பாறை மேல் வழிந்து வரும் மழைநீர் உள்ளே புகாமல், அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். மழை எந்த வழியில் வரும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களின் பொறியியல் அது. முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும் இதே ஊரில்தான் இருக்கிறது. சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசருக்கு அதிலுள்ள சிற்பம் தமிழ்நாட்டில் அரிதானது.

இனி அண்ணாந்து பார்க்கலாம். அரிட்டாபட்டிப் பறவைகளில் மூன்றின் பெயரை அரசு தனியே எடுத்துச் சொன்னது: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி எனப்படும் போனெல்லிக் கழுகு. மூன்றும் வேட்டைப் பறவைகள். ஆனால் மூன்றுக்கும் குன்று வேறு வேறு வகையில் உதவுகிறது.

வல்லூறுகள் கூடு கட்டத் தெரியாத பறவைகள். ஷாஹீன் செங்குத்துப் பாறையின் இடுக்கில் ஒரு திட்டைத் தேர்ந்து, அங்கே கிடக்கும் மண்ணையும் சரளையையும் காலால் விலக்கிப் பள்ளமாக்கி, அதிலேயே முட்டையிட்டுவிடும். கீரியும் பூனையும் ஏறிவர முடியாத செங்குத்துதான் அதற்குக் காவல். லகர் பெரும்பாலும் காகமோ பருந்தோ கைவிட்டுப்போன கூட்டைப் பிடித்துக்கொள்ளும். மரமும் சரி, பாறையும் சரி. ராசாளி தானே சுள்ளி சுமந்து பெரிய கூடு கட்டும். பாறை விளிம்பிலோ உயர்ந்த மரத்திலோ கட்டிய கூட்டை ஆண்டுதோறும் புதுப்பித்துப் பயன்படுத்தும்.

ஷாஹீனின் பாய்ச்சல் உலகப் புகழ் பெற்றது. அது சார்ந்த வல்லூறு இனம் உயரத்திலிருந்து இறக்கைகளை மடக்கி இரைமேல் விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. உயிருலகில் இதைவிட வேகமாகப் போகும் விலங்கு அறியப்படவில்லை. அந்தப் பாய்ச்சலுக்குத் திறந்த வெளி வேண்டும். கீழே புறாவும் கிளியும் மைனாவும் நிறைய வேண்டும். அவற்றுக்குத் தானியமும் பழமும் தண்ணீரும் வேண்டும். குன்றைச் சுற்றி வயலும் கண்மாயும் அத்தியும் ஆலும் இருப்பதால்தான் மேலே வல்லூறு இருக்கிறது. வயல் போனால் வல்லூறும் போய்விடும்.

உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பதன் ஆபத்தையும் இந்த இனமே உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி தாராளமாகத் தெளிக்கப்பட்டது. அது எளிதில் சிதையாது. கொழுப்பில் போய்த் தங்கும். பூச்சியில் கொஞ்சம், பூச்சி தின்ற குருவியில் அதைவிட அதிகம், பல குருவிகளைத் தின்ற வல்லூறில் மிக அதிகம் என்று படிப்படியாகச் சேர்ந்தது. வல்லூறு சாகவில்லை, ஆனால் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேரவில்லை. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமல் முட்டைகள் உடைந்தன. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருந்த பழைய முட்டை ஓடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, ஓடு மெலிந்துவிட்டதை 1967இல் வெளியிட்டார். இந்தியா விவசாயத்தில் டி.டி.டி.யை 1989இல் தடை செய்தது. பழைய முட்டை ஓடுகளை எடை போட்ட ஒரு மனிதரின் பொறுமை ஒரு பறவை இனத்தைக் காப்பாற்ற உதவியது என்பதை, அளவீடு சலிப்பான வேலை என்று நினைக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் சொல்ல வேண்டும்.

ஒரு கண்டிப்பான விதியும் இங்கே தேவைப்படுகிறது. தென்னிந்தியாவில் ஷாஹீனும் லகரும் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன. பள்ளி, கல்லூரிகள் களப்பயணம் கிளம்புவதும் அதே மாதங்களில்தான். கூட்டுக்கு அருகே ஆள் நடமாடினால் தாய் எழுந்து பறந்துவிடும். வெயிலில் சற்று நேரம் கிடந்தாலே முட்டைக்குள் கரு இறந்துவிடும். அதனால் பாறை முகட்டுப் பக்கம் போகவே கூடாது. தொலைவிலிருந்து இருநோக்கியில் பார்ப்பதோடு நிறுத்த வேண்டும். டிரோன் பறக்கவிடக் கூடாது. கூடு இருக்கும் இடத்தைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. இதை ஏற்காத குழு அங்கே போகாமல் இருப்பதே நல்லது.

குன்றிலிருந்து இறங்கும் ஓடை, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குள் நுழைகிறது. அரிட்டாபட்டியின் ஆனைகொண்டான் கண்மாய் 16ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் உண்டானது என்று அரசின் அறிவிப்பு சொல்கிறது. மேட்டிலிருக்கும் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கடுத்தது. பாண்டி நாட்டுக் கண்மாய்கள் பெரும்பாலும் இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. நடுவில் ஒரு கால்வாயை மறித்து மனைப்பிரிவு போட்டால், கீழே உள்ள ஊர் ஒவ்வொன்றும் காயும். மேலே குன்றை உடைத்தாலும் அதுவேதான் நடக்கும்.

வேதியியல் ஆசிரியர் பேச வேண்டிய இடம் கண்மாயின் உள்வாய். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகவே பூமிக்கு வருகிறது, அதன் பி.எச். ஏறத்தாழ 5.6. அந்த மென்மையான அமிலம் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தோடு வினைபுரிந்து, அதைக் களிமண்ணாக மாற்றுகிறது. அப்போது பொட்டாசியமும் கால்சியமும் விடுபடுகின்றன. களிமண்ணும் சத்தும் ஓடையில் இறங்கிக் கண்மாயில் வண்டலாகப் படிகின்றன. கோடையில் விவசாயிகள் வண்டியிலும் டிராக்டரிலும் அந்த வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். குன்றுதான் மெல்லக் கரைந்து நெல்வயலாகிறது. வண்டல் அள்ளுவதால் கண்மாயின் ஆழமும் மீள்கிறது. இரண்டு பயனும் ஒரே வேலையில் கிடைத்த அந்த வழக்கம் ரசாயன உரம் வந்த பிறகு பல ஊர்களில் விட்டுப்போனது பெரும் இழப்பு.

கண்மாயில் தண்ணீர் ஒரேயடியாக இறங்குவதில்லை. மடை வழியாக வயலுக்குப் போகப் போக விளிம்பு மெல்லப் பின்வாங்குகிறது. முழங்கால் ஆழம், கணுக்கால் ஆழம், வெறும் சேறு என்று ஒவ்வொரு வாரமும் புதுப்புது ஆழங்கள் உண்டாகின்றன. முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கும். நாரை நெட்டைக் காலோடு நடு ஆழத்தில் நிற்கும். உள்ளான்கள் சேற்றைக் குத்திப் புழு தேடும். ஒரே கண்மாயில் இத்தனை பறவைகள் சண்டையில்லாமல் பிழைப்பது இதனால்தான். மாணவர்கள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, எந்தப் பறவை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று மட்டும் குறித்தால் போதும். இனப்பெயர் தெரியாவிட்டால் காலின் நீளத்தையும் அலகின் வடிவத்தையும் வரையட்டும்; பெயர் பிறகு வரும்.

நீர்பாய்ச்சியாக வேலை செய்த பெரியவர் யாராவது கரையில் கிடைத்தால் அது பெரிய பேறு. “தாத்தா, கம்மா கடைசியா எப்ப மறுகால் பாஞ்சுச்சு?”, “எந்த மடையை முதல்ல தொறப்பீங்க?”, “முன்ன இருந்து இப்ப காணாமப் போன மீனு எது?” போன்ற கேள்விகளை மாணவர்கள் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போக வேண்டும். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். வயலுக்குத் தண்ணீர் விடும் மடைக்கும் மிகுநீர் வழியும் கலுங்குக்கும் வித்தியாசம் தெரியாமல் நீரியல் படிக்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

அழுங்கையும் தேவாங்கையும் பகல் நேரக் களப்பயணத்தில் பார்க்க முடியாது. இரண்டும் இரவில் நடமாடுபவை. ஆனால் அவற்றின் தேவையைப் பகலில் பார்க்கலாம். அழுங்கு கறையானையும் எறும்பையும் தின்று வாழ்வது. புற்றுகள் உள்ள இடமே அதன் மேய்ச்சல் நிலம். தேவாங்கு தாவத் தெரியாத விலங்கு. கிளையைப் பற்றிப் பற்றித்தான் அடுத்த மரத்துக்குப் போகும். இரண்டு மரங்களுக்கு நடுவே நாம் போடும் ஓர் அகலமான சாலையே அதற்குப் பெரும் தடை. வேலியில் அடர்ந்திருக்கும் கிளுவையையும் கொடிகளையும் வெட்டிவிட்டுக் கம்பிவேலி போடும்போது, ஒரு தேவாங்கின் பாதையை வெட்டுகிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. தேவாங்குக்கென்றே நாட்டின் முதல் சரணாலயத்தை 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில், கடவூர்ப் பகுதியில் தமிழ்நாடு அறிவித்தது.

இனி, அரிட்டாபட்டியின் பெயரை நாடறியச் செய்த டங்ஸ்டன் விவகாரம். இதை விட்டுவிட்டு நடக்கும் எந்தக் களப்பயணமும் பாதிப் பாடம்தான்.

2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று ஒன்றிய அரசு பெயரிட்ட பகுதிக்கான ஏல முடிவு வெளிவந்தது. பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான 193 ஹெக்டேரும் அந்த எல்லைக்குள் அடங்கியிருந்தது. டங்ஸ்டன் தேவையற்ற பொருள் என்று யாரும் சொல்ல முடியாது. 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் உலோகம் அது. துளையிடும் கருவிகளிலும் மின்னணுப் பொருள்களிலும் ராணுவத் தளவாடங்களிலும் பயன்படுகிறது. ஆனால் தாதுப் பாறையில் அதன் பங்கு மிகச் சிறியது. கொஞ்சம் உலோகத்துக்கு மலைமலையாகப் பாறையை வெட்டி, பொடித்து, கழிவைக் குவிக்க வேண்டும்.

ஊர்கள் எதிர்த்தன. கிராம சபைகளில் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் இயற்றியது. அந்த மாதத்திலேயே, பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கித் தொகுதியின் எல்லையை மாற்றலாமா என்று ஆராயும்படி ஒன்றியச் சுரங்க அமைச்சகம் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. மேற்பார்வைக்கு நியாயமான சமரசம்போல் தோன்றும் இந்த யோசனையை மக்கள் ஏற்கவில்லை. அவர்கள் ஏற்க மறுத்தது அறிவியல் அடிப்படையிலும் முற்றிலும் சரி. ஏன் என்று பார்ப்போம்.

சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போகும்போது, குழிக்குள் ஊறும் தண்ணீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இறைத்தால் குழியைச் சுற்றிலும் நீர்மட்டம் ஒரு புனலின் வடிவில் சரிந்து இறங்கும். கடினப் பாறைப் பகுதியில் நிலத்தடி நீர், பிளவுகளின் வழியே ஓடுகிறது. எந்தப் பிளவு எந்தக் கிணற்றோடும் எந்தச் சுனையோடும் சேர்ந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. 193 ஹெக்டேரைத் தொடாமல் விட்டு, சுற்றியுள்ள 1,800 ஹெக்டேரைத் தோண்டினால், குன்று அப்படியே நிற்கும், சுனை வற்றிவிடும். வரத்துக்கால்கள் அறுபடும். வயல் இல்லாமல் புறா இல்லை, புறா இல்லாமல் ஷாஹீன் இல்லை என்று முன்னே பார்த்தோம். வெடிச்சத்தத்தில் முகட்டுக் கூடுகள் எத்தனை நாள் தாங்கும்? தனியே வேலி போட்டுக் காக்கப்பட்ட குன்று சில ஆண்டுகளில் உயிரற்ற கல்லாகத்தான் மிஞ்சும்.

2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்து செய்யப்பட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது முதல் போராட்டமுமன்று. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளை விழுங்கிய காலத்திலேயே தங்கள் மலைகளைக் காக்க நின்றவர்கள் அவர்கள். நில எல்லையைவிட நீர்ப்பிடிப்பின் எல்லையே முக்கியம் என்பது நீரியல் நூல்களில் உள்ள பாடம். அதை நாட்டுக்கே எடுத்துச் சொன்னவர்கள் கண்மாய்ப் பாசன விவசாயிகள்.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற சட்ட வடிவமும் மாணவர்கள் தெரிந்துகொள்ளத் தக்கது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 37ஆம் பிரிவில் இதற்கு வழி செய்கிறது. உள்ளாட்சி அமைப்புகளுடன் கலந்தாலோசித்து மாநில அரசு அறிவிக்கலாம். சரணாலயம்போல மக்களை வெளியேற்றுவதோ மேய்ச்சலைத் தடுப்பதோ இதன் நோக்கமில்லை. உழவும் மேய்ச்சலும் கோயில் திருவிழாவும் தொடர, இடமும் உயிர்களும் காக்கப்பட வேண்டும் என்பதே. நாட்டில் முதன்முதலாக இந்தத் தகுதி 2007இல் கர்நாடகத்தின் நல்லூர்ப் புளியந்தோப்புக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் அரிட்டாபட்டிக்கு அடுத்து 2025இல் திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டியின் கோயில்காட்டுக்குக் கிடைத்தது. சில ஹெக்டேர்களே உள்ள சின்னக் காடு அது. சிறிய இடங்களும் காக்கத் தகுந்தவை என்று சட்டம் ஒப்புக்கொண்டதற்கு அது நல்ல அடையாளம்.

அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு, ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். நெல் ரகம், மீன், மூலிகை, மரம், பறவை, நீர்நிலை என ஊரின் உயிர்ச்செல்வம் அனைத்தும் அதில் ஏற வேண்டும். நாளை யாராவது ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று சொன்னால், ஊர் எடுத்துக் காட்டக்கூடிய ஆவணம் அதுதான். பல ஊர்களில் இந்தப் பதிவேடு பெயருக்கு எழுதி அலமாரியில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது வருத்தம் தரும் உண்மை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அரிட்டாபட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்; சிறு குழுவாக, ஊராரிடம் சொல்லிவிட்டு, கூடுகளை விட்டு விலகி நின்று பார்த்து வாருங்கள். போய் வந்தவுடன் அதே நடையை உங்கள் ஊரில் நடத்துங்கள். உங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த மேட்டிலிருந்து வருகிறது, வழியில் எங்கே அடைபட்டிருக்கிறது, விளிம்பில் எந்தெந்தப் பறவை நிற்கிறது என்று பிள்ளைகள் தேதி போட்டு எழுதட்டும். பிறகு ஊராட்சி அலுவலகத்துக்கு அவர்களோடு போய், பல்லுயிர்ப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். இருந்தால் பிள்ளைகளின் குறிப்புகளை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் அதைத் தொடங்கும்படி மனு கொடுங்கள்.